பக்கத்து வீட்டில் அகப்படாத பிரதிவாதிக்கு

ஆம்பூர்,
11 ஆகஸ்டு 1932

ம-ள-ள-ஸ்ரீ மச்சான் துரைசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் காசிநாதன் மெத்த மரியாதையுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தேவகியும் சௌக்கியம். அவ்விடம், அதாவது நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், தங்கள் சௌக்கியத்தைக் காலையில் தாங்கள் வாய் கொப்பளிக்கும் சத்தத்திலேயே தெரிந்துகொண்டேன்.

நிற்க. தங்கள் தோல் ஷாப்பில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தண்ணீர் என் கிணற்றில் இறங்குவதை நிறுத்தச் சொல்லி நான் போட்ட தாவாவை முன்சீப் நேற்று தள்ளுபடி செய்துவிட்டார் என்பதைச் சந்தோஷத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். கிணற்றுத் தண்ணீர் சுத்தம் என்பதற்காக அல்ல. தங்களுக்குச் சம்மன் சேரவே இல்லை என்பதற்காக.

முதல் தடவை கோர்ட்டு பியூன் வந்தபோது தாங்கள் வாசலில் சவரம் பண்ணிக்கொண்டிருந்தீர்கள். "துரைசாமி இருக்காரா?" என்று அந்த மனுஷன் தங்களையே கேட்க, பாதி முகம் சோப்பு நுரையோடு, "அவரு பேரணாம்பட்டு போய்ட்டாரே" என்று தாங்களே வாயால் சொல்லி அனுப்பினீர்கள். ரெண்டாம் தடவை தங்கள் சம்சாரம் தனபாக்கியம் அக்கா கதவை ஒருக்களித்து, "ஆம்பளைங்க யாரும் இல்லீங்க" என்றார்கள். உள்ளே ஒரு தும்மல். "அது இன்னாம்மா?" "பூனைங்க." பூனை மறுபடி தும்மிச்சு. பொம்பளைங்க கையில சம்மன் குடுக்க சட்டத்துல இடமில்லையாம், பியூன் போய்ட்டார்.

மூணு மாசத்துக்குள்ள மறு சம்மன் கேட்டு மனு போடணும்னு வக்கீல் படிச்சுப் படிச்சு சொன்னாரு. அந்த மூணு மாசத்துலதான் நீங்க சாவித்திரி கல்யாணத்தை வெச்சீங்க. "அண்ணன் பொண்ணு கல்யாணத்துல போயி சம்மன் அனுப்புவீங்களா? ஜனம் இன்னா சொல்லும்?"னு தேவகி அழுதா. நான்தான் பந்தல்கால் நட்டேன், நான்தான் சமையல்காரனைத் தேடி திருப்பத்தூருக்கு அலைஞ்சேன். ரெண்டாம் பந்தியில அந்த பியூன் உக்காந்திருக்கான், நீங்க உங்க கையாலயே அவனுக்குப் பாயசம் ஊத்துறீங்க! "யோவ், ஊத்துறாரே, அவருதான்யா பிரதிவாதி"ன்னேன். "இன்னிக்கு லீவுங்க, சம்மனும் கையில இல்லை"ன்னு இலையை வழிச்சான்.

வாழைமரம் காயறதுக்குள்ள கெடு தாண்டிப் போச்சு. முன்சீப் கேட்டாரு, "மூன்று மாதமாக வாதி என்ன செய்துகொண்டிருந்தார்?" வக்கீல் சொன்னாரு, "கல்யாண வேலைங்க." "யார் வீட்டுக் கல்யாணம்?" "பிரதிவாதி வீட்டுதுங்க." கோர்ட்டே சிரிச்சுது. நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

தேவகி தினம் வஜீதாம்மா வூட்டுக் கிணத்துலேர்ந்து குடம் தூக்கிட்டு வர்றா. உங்க வாசலைத் தாண்டித்தான் வர்றா, மச்சான். அது உங்க கண்ணுல படறதுக்கும் சம்மன் வேணுமா?

தாங்கள் குடும்ப சகிதம், யார் கண்ணிலும் படாமல் நூறாண்டு வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தள்ளுபடியான வாதி,
காசிநாதன்

பி.கு.: கடுதாசியை மடிக்கிறப்போ வாசல்ல அதே பியூன். என் மாட்டுக் கொட்டாய் உங்க இடத்துல ஒரு முழம் ஏறி நிக்குதுன்னு நீங்க போட்ட தாவாவாம். ஓடிப்போயி நெல்லுக் குதிருக்குள்ள உக்காந்தேன். உங்க தங்கச்சி, "உள்ளதான் இருக்காரு, குதிருக்குள்ள பாருங்க"ன்னுட்டா. கையெழுத்துப் போட்டுட்டேன். வாய்தா இருபத்தாறாம் தேதி. விடிகாலை ரயிலுக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போய்டலாம், எனக்கும் தனியா போக பேஜார். ரெண்டு பேருக்கும் சேர்த்து தேவகி புளிச்சோறு கட்டித் தர்றாளாம்.