தங்கச்சியின் சிறுநீரகமும் என் அடையாள அட்டையும்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணல்மாணலாய்த்தான் வரும், சிலது மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அடிவயிற்றின் வலப்பக்கம் இருப்பது தங்கச்சி யோகம் தந்த சிறுநீரகம். அதை வைத்த நாளிலிருந்து தினமும் குளிசை மாத்திரைகள் போடவேண்டும். போன வைகாசியில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது. அம்மை, அம்மாள்தான் வந்துவிட்டா என்று நினைத்தேன். (அம்மாள் வந்த வீட்டில் மருந்து எடுப்பார்களா?) குளிசைகளை நிறுத்தி, அறையில் வேப்பிலை கட்டி, யன்னலைச் சாத்திப் படுத்துவிட்டேன். யோகத்துக்கும் சொல்லவில்லை.

ஒருநாள் உச்சி வெயிலில், ஒழுங்கையில் ஒரு நாய்கூடக் குரைக்காத நேரம், தையல் போட்ட இடம் வீங்கித் துடித்தது. உள்ளே யாரோ இருந்து கதவைத் தட்டுவது போல. சிறுநீரும் நின்றுபோன மாதிரி. கையை வைத்துப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் வேறு யாருடைய உடம்போ போலச் சுட்டது.

"என்னை விட்டிட்டுப் போகப் போறியோ?" என்று அதனிடமே கேட்டேன்.

"அக்கா, ஆரோடை கதைக்கிறியள்?"

யோகத்தின் குரல். வயிற்றுக்குள்ளிருந்துதான் வந்தது என்று நினைத்து அலறிவிட்டேன். அவள் வாசலில் நின்றாள்.

அவள் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் டொக்டர் விளக்கினார். "அம்மா, உடம்பிலை இருக்கிற ஒவ்வொரு கலமும், அதுதான் செல், தன்ரை அடையாள அட்டையை வெளியிலை காட்டிக்கொண்டிருக்கும். காய்ச்சல் வந்தால் உடம்பு ஆபத்துச் சைகை விடும். உடனை எல்லாக் கலங்களும் அட்டையைக் கூடக் கூடக் காட்டும். உங்கடை சிறுநீரகம் காட்டுறது தங்கச்சியின்ரை அட்டை. உடம்பின்ரை காவற்காரர் அதைக் கண்டிட்டினம். அவையை அடக்கி வைச்ச குளிசையையும் நீங்கள் நிப்பாட்டிப் போட்டியள்."

"சிறுநீரகம் தப்புமோ?" என்று யோகம் கேட்டாள். அவர் "பாப்பம்" என்றார்.

அடையாள அட்டை காட்டி எத்தனை சோதனைச்சாவடி கடந்தவள் நான். அவர் போனதும் என் ஐசி அட்டையை எடுத்து, படம் உட்பக்கம் பார்க்க, வீங்கிய இடத்தில் பிளாஸ்ரரால் ஒட்டினேன். வீட்டுக்காரி நான்தான் என்று உள்ளே இருக்கும் காவற்காரருக்குத் தெரியட்டும்.

ஸ்கானுக்கு வந்த தாதி கண்டுவிட்டாள். "உதென்ன அம்மா?"

"உள்ளுக்கை செக் பண்ணுறவைக்கு."

யோகம் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

ஊசி மருந்துகள் ஏற்றி, ஒருவழியாய்ச் சிறுநீரகம் தப்பியது. இப்போது நான் தும்மினாலே வீட்டில், "ஐசியைக் கொண்டு வாங்கோ" என்கிறார்கள். யோகமும் சிரிப்பாள். பிறகு என் வயிற்றில் கையை வைத்துப் பார்ப்பாள். யாரைப் பார்க்க வந்தாள் என்று நான் கேட்பதில்லை.

கலம், அட்டை விசயத்தை மாறி எழுதியிருப்பேன். படித்தவர்கள் யாராவது ஒரு டொக்டரிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள்.