ஆந்தை போட்ட முட்டுக்கட்டை

பக்கத்து அறைக் கதவில் பேராசிரியை ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து விரிவுரையாளருக்கு வயிறு எரிந்தது. மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை.

‘லிஃப்டில் நெரிசலைக் குறைப்பது எப்படி?’ கல்லூரி வைத்த போட்டியில், ஒவ்வொரு ஆசிரியரின் குழுவிலும் உள்ள மாணவர்கள் இதைப் பற்றிப் பறவைகளின் பெயரைப் புனைபெயராக வைத்து ஆன்லைனில் கூடிப் பேச வேண்டும். யாருடைய யோசனையை யார் வளர்த்தார்கள் என்று ஆசிரியர் ஆராய்ந்து கோடு போட்டுக் காட்ட வேண்டும். சிறந்த ஆய்வுக்கு ஆய்வுப் பிரிவின் தலைமைப் பதவி. பத்து வருஷமாக அவர் கண் வைத்திருந்த நாற்காலி அது.

பேராசிரியையின் வரைபடத்தில் கோடுகள் கிளைவிட்டுப் படர்ந்திருந்தன. இவர் குழுவில் ஒருவன் “சூப்பர்” என்றான். மற்ற நாலு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். இதில் எதை ஆராய்வது?

நேராகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டரிடம் போனார். புனைபெயர்களைப் பிரித்துக் கொடுப்பது அந்தப் பெண்தான்.

“மேடம் குழுவுல சும்மா கிடக்கிற புனைபெயர் ஏதாவது இருக்காம்மா? ஒரு... ஆய்வுக்கு.”

“ஆந்தை இருக்கு சார். அந்தப் பையன் படிப்ப விட்டுட்டுப் போயிட்டான்.”

அன்றே ஆந்தை உள்ளே புகுந்து, “இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று முட்டுக்கட்டை போட்டது.

“அருமையான கேள்வி!” என்றது மைனா. அதிலிருந்து நாலு யோசனை கிளம்பியது.

மறுநாள், “பேசாம லிஃப்டையே கழட்டிடுங்க” என்று எழுதினார்.

“மூணாவது மாடி வரைக்கும் நிக்காம போனாலே போதுமே!” என்று பிடித்துக்கொண்டது கொக்கு. கதவில் வரைபடம் இன்னொரு தாளுக்கு நீண்டது.

அவருக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த மைனாவை மட்டம் தட்டியே தீருவதென்று மூன்று வாரம் பக்கம் பக்கமாக மறுத்து எழுதினார். சாப்பிடும்போதும் எழுதினார். சொந்தக் குழு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது.

கடைசி நாள் முதல்வர் பதவிக் கடிதத்தைப் பேராசிரியையிடம் நீட்டினார்.

“அந்த ஆந்தை எவ்வளவு கெட்டிக்காரப் பையன்! எல்லாம் நீங்க வளர்த்த விதம், மேடம்.”

பேராசிரியை அடக்கமாகச் சிரித்தார். விரிவுரையாளருக்கு இப்போது ஆந்தையின் மேலேயே பொறாமை வந்தது.

கம்ப்யூட்டர் அறைக்குப் பாய்ந்தார். “ஆந்தைய விடும்மா. மைனா, கொக்குன்னு மிச்சம் நாலு பசங்க இருக்காங்களே, அவங்களையாவது அடுத்த வருஷம் எனக்குப் போட்டுக் கொடு!”

ஆபரேட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எந்தப் பசங்க சார்? அந்த அஞ்சு பேரும் ஒண்ணாத்தான் படிப்ப விட்டுட்டுப் போனாங்க. மிச்ச நாலு புனைபெயரையும் மேடம் உங்களுக்கு முன்னாடியே வாங்கிட்டாங்க. அவங்களும் ஆய்வுக்குன்னுதான் சொன்னாங்க.”