மெக்கானிக் வடியுதாவும் ஆறு படுக்கை விரிப்பும்

காரைக்குடியில் எந்த வீட்டு வாஷிங் மெஷின் வயிற்றில் எவ்வளவு தண்ணீர் தங்கியிருக்கிறது என்று கடவுளுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவர் மெக்கானிக் வடியுதாதான். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கக் கூச்சம். போன் எடுத்தால் "அலோ" சொல்லமாட்டார். "வடியுதா?" என்பார். வடியுது என்றால் "சுத்துதா?" என்பார். முதல் கேள்வியே பெயராகிவிட்டது.

காலில் கட்டி அறுத்துப் படுத்திருந்த எங்கள் தெருப் பால்காரரைப் பார்க்கப் போனபோதும் இதையேதான் கேட்டாராம்.

"வடியுதுண்ணே" என்று அவர் முனகியிருக்கிறார்.

"அப்பப் பயமில்ல" என்று, கொண்டுபோன ஆரஞ்சில் ஒன்றைத் தானே உரித்துத் தின்றுவிட்டு வந்துவிட்டார்.

மெஷின்களைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுவார். "இவுக நின்னு நிதானமா வடிச்சிட்டுத்தேன் சுத்துவாக. அடுத்த வீட்டுல இருக்கவுக அவசரக்காரவுக. வடியும்போதே சுத்த ஆரம்பிச்சிருவாக. ரெண்டு தொட்டிக்காரவுக ஒண்ணுல வெளுப்பாக, இன்னொண்ணுல சுத்துவாக. நடுவுல ஈரத்துணிய அள்ளிப் போடுற வேலைக்காரவுக நம்மதேன்."

பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கே படுக்கை விரிப்புகளை நான்தான் துவைத்துக் கொடுக்கிறேன். காலையில் வருகிற ஆறு விரிப்பும் மூன்று மணிக்குள் காய்ந்து, மடித்துப் போயாகவேண்டும். இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. "இன்னொரு தடவைன்னா லாண்டரிக்குக் குடுத்துருவோம்மா" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை இல்லை.

அந்த வாரம்தான் என் மெஷின் செத்துப்போய், யாரோ வைத்திருந்த ஒன்றை வாங்கியிருந்தேன். முதல் நாளே ஆறு விரிப்பையும் துவைத்துவிட்டு, தண்ணீரை நிறைத்துக்கொண்டு, வடிக்கவும் மாட்டேன், சுத்தவும் மாட்டேன் என்று பீப் பீப் என்று கத்தியது. மணி பத்து. போன் செய்தேன்.

"வடியுதா?"

எனக்கோ கூச்சம். போனை மெஷின் பக்கத்தில் பிடித்தேன்.

"வாரேன்" என்றார், மெஷினிடம்.

வந்தவர் மெஷினைப் பார்க்கவில்லை. அதன் தண்ணீர் வடிகிற குழாயைப் பார்த்தார். முருங்கைக்குத் தண்ணீர் ஆகட்டும் என்று, குழாயைத் தூக்கி இடுப்புயரச் சிமெண்டுத் தொட்டிக்குள் விட்டிருந்தேன்.

"எதுக்கக்கா அங்குட்டுத் தூக்கிப் போட்டீக?"

"பழசு அப்பிடித்தான தம்பி ஊத்துச்சு."

"அவுகளுக்குள்ள பம்பு இருந்துச்சு, தூக்கி ஊத்துனாக. இவுகளுக்குப் பம்பு இல்ல. தண்ணி தன்னால கீழ எறங்கணும். குன்றக்குடி மலைய ஏறுன்னா தண்ணி ஏறுமா?"

குழாயைத் தரையில் போட்டார். தண்ணீர் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் கேட்டார். பிறகு மெஷினைப் பார்த்து, "சுத்துங்க" என்றார். அது உறுமியது, சுத்தவில்லை. சாய்த்து அடியில் கைவிட்டு, நார்நாராகப் பிய்ந்த பெல்ட்டை வெளியே எடுத்தார்.

"மதுரையிலேருந்து வரணும். நாளைக்குத்தேன்."

"மூணு மணிக்குப் போகலன்னா வேலை போயிரும் தம்பி" என்றேன். அவரிடம் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

மெஷினை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார். சட்டைக் கையை மடித்தார். "ஒரு நுனியப் பிடிங்க."

பிடிக்கப் போனால், "இருங்க, மொத வடியணும்" என்று விரிப்புகளைக் கொடியில் தொங்கவிட்டார். சொட்டுவது நிற்கும் வரைக்கும் தொடவிடவில்லை. பிறகு ஆளுக்கொரு நுனியாகப் பிடித்து முறுக்கினோம். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"என்னக்கா, நான் சுத்துற பக்கமே நீங்களும் சுத்துறீக! துணி உருளுது. எதுப்பக்கமாச் சுத்துங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீக. சுத்தும்போது மெஷினு சிரிக்குமா?"

ஆறு விரிப்பையும் அப்படியே பிழிந்தோம். மாடியில் நான் ஒரு ஓரம், அவர் ஒரு ஓரம் பிடித்து உதறிக் காயப்போட்டோம். மூன்றடிக்கக் கால்மணி இருக்கும்போது மடித்த கட்டை அவரே வண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். வேலை தப்பியது.

மறுநாள் ஒரு விரிப்பு மட்டும் திரும்பி வந்தது. அதன் ஓரத்தில் நாலு விரல் கிரீஸ் கறுப்பாகப் பதிந்திருந்தது. "இதை நீங்களே வச்சுக்கங்கம்மா" என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குத் தெரியாத கறையா? மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

இன்னும் தேய்க்கவில்லை.