தலைமுடி வேண்டுதல் விஷயமாக பாவாவுக்கு

மேன்மை பொருந்திய பாவா வேதாசலம் அவர்களுக்கு, திருத்தணியிலிருந்து மைத்துனன் சுந்தரமூர்த்தி பணிவுடன் எழுதுவது. நான், தேவகி, குழந்தை ஹேமாவதி மூவரும் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம். பள்ளிப்பட்டில் தாங்களும், பிரபாவதி அக்காவும், தங்கள் முழங்கால்கள் இரண்டும் சௌக்கியமாக இருக்க அதே முருகனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். நான் இங்கே ஒரு தும்மல் போட்டால் உங்கள் தெருவே கஷாயம் சொல்லும். இது தெருவுக்குத் தெரியக் கூடாத விஷயம். எங்கள் தெருவுக்கு ஏற்கெனவே தெரியும், அதுதான் என் கஷ்டமே.

ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் ஹேமாவதி நம் வீட்டுக்கு வந்தது தங்களுக்குத் தெரியும். தத்து கேட்டு நாங்கள் மனுப் போட்டபோது, சொந்தக்காரர் என்ற முறையில் 'சுந்தரமூர்த்தி மிகுந்த பொறுமைசாலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் தாங்கள்தானே. அந்தப் பொய்க்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்லிக்கொள்கிறேன். கலெக்டர் உத்தரவு வரும் வரை வளர்க்கக் கொடுத்திருக்கிறார்கள், நடுநடுவே அதிகாரி அம்மா ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஆறு வயசுப் பெண். வந்த மூன்றாவது வாரமே தேவகியை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? மலைக்குப் போய் சன்னிதியில் நின்று, "முருகா, இவ என்னை அப்பான்னு கூப்பிடுற அன்னிக்கே முடி குடுத்துடறேன்" என்று வேண்டிக்கொண்டேன். என் முடி எப்படிப்பட்டது என்று தாங்கள் அறிவீர்கள். ஐம்பத்தொரு வயசில் நம் குடும்பத்து ஆண்களில் சட்டைப் பையில் சீப்பு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். தங்களைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை.

வேண்டுதலை மனசோடு வைத்திருக்க வேண்டும். நான் தேவகியிடம் சொன்னேன், தேவகி பால் ஊற்றும் ஜெயம்மாளிடம் சொன்னாள், பால் எந்தெந்த வீட்டுக்குப் போனதோ அந்தந்த வீட்டுக்கெல்லாம் என் மொட்டையும் போய்ச் சேர்ந்தது. மலையில் முடியெடுக்கும் கதிரவன் என் துண்டுக் கடையைத் தாண்டும்போதெல்லாம் "இன்னாண்ணே, கூப்பிட்டுச்சா?" என்று கேட்டு, என் தலையை நோட்டம் விட்டுக்கொண்டே போகிறான். அறுவடைக்கு முன்னால் வரப்பில் நின்று வயலைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

குழந்தை கூப்பிடாமல் இல்லை, பாவா. "ஏங்க" என்று கூப்பிடுகிறாள். தேவகி எப்படிக் கூப்பிடுகிறாளோ அதே ராகம், அதே இழுப்பு. ஆந்திராவிலிருந்து மொட்டை போட வந்த கூட்டம் கடையில் துண்டு வாங்க நிற்கும்போது, பாவாடை சட்டையில் ஓர் அரை ஆள் வந்து, "ஏங்க, டிபன் ஆறிகினு இருக்குது, வரீங்களா இல்லியா?" என்றால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வியாபாரம் பார்ப்பது? நானும் முயற்சி செய்யாமல் இல்லை. அப்பளத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டேன், முதல் பாதியாவது வாயில் வரட்டும் என்று. பொரிச்சது என்றாள். பாடப் புத்தகத்தில் அப்பா படத்தைக் காட்டினேன். இவரு வழுக்கை என்று பக்கத்தைத் திருப்பிவிட்டாள். பேக்கரியில் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்து, வாங்கிக் குடுத்தவருக்கு இன்னா சொல்லணும் என்று குழைந்து கேட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "தேங்க்ஸுங்க" என்றாள்.

இதெல்லாம் போகட்டும். போன செவ்வாய்க்கிழமை அதிகாரி அம்மா வந்தார். காபி கொடுத்தோம், முறுக்கு கொடுத்தோம், குழந்தையின் பள்ளிக்கூட நோட்டைக் காட்டினோம். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது என்னைக் காட்டி, இவர் உனக்கு யாரும்மா என்று கேட்டார். ஹேமாவதி யோசிக்கவே இல்லை.

"எங்க வீட்டுக்காரரு."

தேவகி போனில் என்னைப் பற்றி யாரிடமும் அப்படித்தான் சொல்வாள். குழந்தை அதைக் கேட்டு அப்படியே ஒப்பித்துவிட்டாள். அதிகாரி அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, வீட்டில் வாடகைக்கு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். நான் பதறிப்போய், "ஆங், விட்டுடலாம்ங்க" என்றேன். எதை விடுவது, யாருக்கு விடுவது, எனக்கே தெரியாது. அதையும் எழுதிக்கொண்டார். பிறகு குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும் என்று உள்ளே போனார். கால் மணி நேரம். நான் வெளியே நின்று ஒரே துண்டை இருபது தடவை மடித்தேன். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார், "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு கடைக்காரனுக்குத் தெரியாதா? தள்ளுபடி கேட்பவர்களிடம் நான் தினமும் சொல்லும் வார்த்தை அது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, பாவா. ஆறு மாசமாகியும் குழந்தை இவரிடம் ஒட்டவில்லை என்று எழுதிவிட்டால் என்ன செய்வது? உத்தரவு வராமலே போய்விட்டால்? காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது என் செருப்பு இரண்டும் வாசலைப் பார்த்து ஜோடியாக இருக்கும், கால் நுழைத்தால் போதும். அவள் திருப்பி வைப்பது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டில் இவ்வளவு சத்தம் இருந்ததில்லை. தேவகி இப்போது தனியாக இருக்கும்போதும் சிரிக்கிறாள். இப்படி ஒன்று வீடு தேடி வந்ததற்கு அன்றைக்கே மலையேறி நன்றி சொல்லியிருக்க வேண்டியவன் நான். அதை விட்டுவிட்டு, கூப்பிட்டால்தான் முடி என்று சாமியிடம் பேரம் பேசினேன் பாருங்கள், அதற்குத்தான் இந்தத் தண்டனை. ஏங்க என்றே கூப்பிடட்டும். கிழவியாகும் வரை அப்படியே கூப்பிடட்டும். இங்கேயே இருந்தால் போதும்.

ஆகையால் தாங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவசியம் புறப்பட்டு வந்து, அதிகாரி அம்மாவைப் பார்த்து எனக்காக இன்னொரு பொய், முடிந்தால் முன்னதைவிடப் பெரியதாக, சொல்ல வேண்டியது. போட்ட வேண்டுதலை வாபஸ் வாங்க வழி உண்டா என்று பெரியவர்கள் யாரிடமாவது விசாரித்து வரவும். அக்காவுக்கு என் நமஸ்காரம். தங்கள் குடும்பத்தில் சகல மங்களமும் உண்டாகட்டும். முழங்காலைத் தொடாமல் பாதத்தை மட்டும் தொட்டு வணங்கும்,

சுந்தரமூர்த்தி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். மறுபடி எழுதக் கை வராததால் அப்படியே அனுப்புகிறேன். நேற்றுக் காலை தபாலில் போடக் கிளம்பும்போது அதிகாரி அம்மா போன் செய்தார். அறிக்கை நல்லபடியாகவே போய்விட்டதாம். பிறகு ஏன் என் தலையைப் பார்த்து உதட்டைக் கடித்தீர்கள் என்று கேட்டேன், சிரிப்பை அடக்கத்தானாம். குழந்தை தனியாகச் சொன்னதை அப்படியே சொன்னார்: "ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் எங்கப்பான்னுதான் சொல்லுவேன். வீட்ல சொன்னா அவருக்கு மொட்டை அடிச்சுடுவாங்க. தலை சீவறப்போ பாட்டு பாடிகினு இருப்பாரு, பாவம்." வகுப்பு டீச்சரிடம் விசாரித்தேன். தீபாவளிக்கு முன்னாலிருந்தே எங்கப்பா புராணம்தானாம், காது வலிக்கிறதாம். மூன்று மாசமாக முருகனைக் காக்க வைத்திருக்கிறேன் பாவா. கடையைப் பூட்டினேன், நேரே மலைக்குப் போனேன், கதிரவன் முன்னால் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து நின்றதும் ஹேமாவதி என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள். குனியச் சொன்னாள். சந்தனம் தடவிய தலையில் கை வைத்து, "வலிக்குதாப்பா?" என்று கேட்டாள். ரொம்ப வலிக்கிறது என்று சொன்னேன். இதுவரை பதினோரு தடவை கேட்டுவிட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டால் மறுபடி கேட்க மாட்டாள் என்பதால், இன்றைக்கும் வலிக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.