மாமா தும்மிய தட்டு

மரியாதை ஒரு வியாதி. எங்கள் கோயமுத்தூர்க்காரர்களுக்கு அது பிறவியிலேயே உண்டு. என்னுடையது கொஞ்சம் முற்றிப்போன கேஸ்.

சளிக்காய்ச்சல் வைரஸ் நுரையீரல் செல்லுக்குள் எப்படிப் புகுகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. அதற்காக மனித நுரையீரல் செல்களை ஒரு தட்டில் ஒரு மாதமாக வளர்த்துக்கொண்டிருந்தேன். (பெற்ற பிள்ளையைக்கூட எவனும் அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான்.) திங்கட்கிழமை அவற்றின்மேல் வைரஸை விட வேண்டும். அந்தச் சோதனை முடிந்தால் பட்டம் கையில்.

சனிக்கிழமை காலை, எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா ஆய்வகத்துக்கே வந்து நின்றார். உடுமலையில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர். பையன் என்னதான் செய்கிறான் என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

"ஏனுங்க தம்பி, சளிப் பூச்சிய வளத்தறீங்களாமா?"

"பூச்சி வேற ரூம்லீங்க. இங்க இருக்கறது செல்லுங்க. நம்ம நெஞ்சுக்குள்ள இருக்குமில்லீங்க, அது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பந்தா விட்டால்தானே? செல் வளர்க்கும் அறைக்குள் வெளியாள் வரக்கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. ஒட்டியவனே நான்தான். உள்ளே அழைத்துப்போய், தட்டை எடுத்து, மூடியையும் திறந்து நீட்டினேன். அவர் மூக்கு அப்போதே சிவந்திருந்தது. 'மாஸ்க் போட்டுக்குங்க' என்று தொண்டை வரை வந்துவிட்டது. பெண் கொடுக்க வந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டேன்.

குனிந்தார். உற்றுப் பார்த்தார். தும்மினார்.

சாதாரணத் தும்மலா அது! பாதி என் கண்ணாடியில், மீதி தட்டில். முகத்தைக்கூடத் துடைக்காமல், "பரவால்லீங்க" என்றேன் நான், மகா முட்டாள்.

திங்கட்கிழமை தட்டு மோர் மாதிரி கலங்கிக் கிடந்தது. என் வைரஸ் தொடுவதற்கு முன்பே அத்தனை செல்லும் செத்திருந்தன. பேராசிரியை முன் அழாக்குறையாக நின்று உண்மையைச் சொன்னேன்.

"சம்பந்தம் முடிவாயிருச்சா?"

"இன்னும் இல்லீங்க மேடம்."

"சீக்கிரம் முடி. அந்தச் செல்லு செத்ததுக்காவது ஒரு அர்த்தம் இருக்கட்டும்."

அன்று சாயங்காலமே கல்யாணத் தரகர் போன் செய்தார். "மூஞ்சி மேலயே தும்மியும் பையன் முகஞ்சுளிக்கலீங்களாமா! தங்கமான பையன்னு பேசி முடிச்சுப்போட்டாருங்க."

கல்யாணம் நடந்தது. மறுபடி செல் வளர்த்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்ததில் அந்த வருஷக் கெடு தப்பி, பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. தட்டுக்கு என்ன ஆயிற்று என்று மாமாவிடம் நான் சொல்லவே இல்லை. இப்போதும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார்: "எங்க மாப்ள கொணத்துல தங்கமுங்க. படிப்புத்தான் கொஞ்சம் மந்தம். ஒரு வருசம் பெயிலு."

பக்கத்தில் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். நான் இலையைப் பார்த்தபடி, "ஆமாங்க மாமா" என்பேன்.