கருவாட்டு ஐலா

கண்ணாடி அலுமாரியிலிருந்து எடுத்த விஸ்கிப் போத்தல் கையில் பஞ்சாய் இருந்தது. கஸ்பர் அதைக் குலுக்கிப் பார்த்தார்.

"நிரோஷினி, இதுக்குள்ள இருந்தது எங்க?"

"குடிபூந்த வருச நத்தார்க் கேக்குக்கு விட்டிட்டனப்பா," என்றாள் மனைவி. "அந்தக் கேக்கும் ஒரு கிழமையில பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு."

சும்மா போத்தலா அது? எட்டு வருடத்துக்கு முன், ஸ்ரௌவ்வில் நகரத்து வீட்டுக் குடிபூரலுக்கு நிரோஷினியின் தமையன் அன்புராசா தன் அலுமாரியிலிருந்தே எடுத்துத் தந்த ஐலாத் தீவு விஸ்கி. "மருமகளின்ர நிச்சயதார்த்தத்தண்டு நான்தான் திறப்பன்" என்று சத்தியமும் வாங்கியிருந்தார்.

நிச்சயதார்த்தம் இன்று நாலு மணிக்கு. அழைப்பிதழில் பெயர் சின்னதாய் விழுந்ததற்கே ஒரு கல்யாணத்தில் பந்தியைவிட்டு எழும்பிப் போன மனிதர் அன்புராசா. இந்தச் சம்பந்தமும் அவர் பேசியதுதான். தாய்மாமன் கோபித்துப் போனால் மகள் தனுஷிகாவின் கதி?

கஸ்பர் மதுக்கடைக்குப் பறந்தார். ஐலாத் தீவுச் சரக்கு முடிந்துவிட்டது, ஸ்பேசைட்தான் மிச்சம் என்றாள் கடைக்காரி. அதை வாங்கிவந்து பழைய போத்தலுக்குள் ஊற்றி மணந்து பார்த்தவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"தேன் மணக்குதடியப்பா! உம்மட அண்ணர் ஒவ்வொரு பார்ட்டியிலயும் பாடம் எடுக்கிறவரெல்லோ. ஸ்பேசைட் எண்டால் தேன், ஹைலண்ட் எண்டால் காரம், ஐலா எண்டால் புகையும் கடலும். அந்தப் புகைக்குத்தானாம் உலகமே இருநூறு வருசமா உயிரை விடுது!"

"புகைதானே? பொறுங்கோ."

நிரோஷினி கராஜில் சிரட்டையைக் கொளுத்திப் போத்தலுக்குள் புகை பிடித்தாள். வீட்டு அலாரம் அலறியது. பக்கத்து வீட்டார் பதறிப்போய் அழைக்க, சம்பந்தி வீட்டாரின் காருக்குப் பின்னாலேயே தீயணைப்பு வண்டியும் வந்து நின்றது.

கடலுக்கு என்ன செய்வது? கஸ்பர் கருவாட்டுத் துண்டொன்றை நூலில் கட்டிப் போத்தலுக்குள் இறக்கினார். நூல் அறுந்தது. கருவாடு அடியிலேயே தங்கிவிட்டது. நல்லகாலம், போத்தல் கறுப்புக் கண்ணாடி.

"எங்க என்ர போத்தல்?" என்றபடி அன்புராசா வந்தார். அவர் மனைவி அன்ரனெற் ஏனோ வந்ததிலிருந்து செபமாலையை உருட்டிக்கொண்டு மூலையில் இருந்தார்.

அன்புராசா ஊற்றினார். மணந்தார். ஒரு மிடறு விழுங்கிக் கண்ணை மூடினார். எல்லாம் முடிந்தது என்று கஸ்பர் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"கஸ்பர்..." அன்புராசாவின் குரல் தழுதழுத்தது. "இதெல்லோ ஐலா! கடல் அப்பிடியே தொண்டைக்குள்ள நிக்குது!"

சபை கைதட்டியது. அன்ரனெற் மட்டும் வெளிறிப்போய்க் கஸ்பரைக் குசினிக்குள் இழுத்துச் சென்றார். பிடிபட்டாயிற்று.

"மச்சாள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நான்..."

"உஷ்! கானாவூர்க் கலியாணத்தில ஆண்டவர் தண்ணியைத் திராட்சரசமாக்கின புதுமை இண்டைக்கு உங்கட வீட்டில நடந்திருக்கு, கஸ்பர்!" அன்ரனெற் சிலுவை போட்டுக்கொண்டார். "இவற்ர குடி தாங்கேலாமல் விஸ்கியை எங்கட வீட்டில இருக்கேக்கையே தொட்டிக்குள்ள ஊத்திப்போட்டு, அந்தப் போத்தலுக்குள்ள நான் விட்டு வைச்சது வெறும் பிளேன்ரீ!"