மோட்டார் வாங்காத முள்ளம்பன்றி

ஒரு காட்டில், கரண்ட் கம்பம் நட்டு அதில் கரண்டும் வந்துவிட்ட காலத்தில், மாசானம் என்றொரு முள்ளம்பன்றி சாணைக்கடை வைத்திருந்தது. காட்டுப்பன்றிக்குக் கோரைப்பல் மழுங்கினாலும் கழுகுக்கு நகம் தேய்ந்தாலும் மாசானத்திடம்தான் வரவேண்டும். காலால் மிதித்து மிதித்துச் சாணைக்கல்லைச் சுற்றி அலுத்துப்போய், அந்தக் கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு, பெல்ட் சுற்றிக் கூராக்கும் பெல்ட் கிரைண்டர் ஒன்று செய்தது. இரும்புச் சட்டம் தயார், உருளைகள் தயார், உப்புத்தாள் பெல்ட்டும் தயார். மோட்டார்தான் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் புலி அண்ணாச்சி வந்து நின்றார். புலியை அண்ணாச்சி என்று கூப்பிடாதவர்கள் அந்தக் காட்டில் முன்பு இருந்தார்கள். இப்போது இல்லை.

"ஏலே மாசானம், நகம் பூரா மழுங்கிப்போச்சு. அமாவாசைக்குள்ள கூராக்கிக் குடுக்கணும். இல்லன்னா மழுங்குன நகத்தாலயே உன்னைக் கிழிச்சிருவேன். அதுக்கு ரொம்ப நேரமாகும், பாத்துக்கோ."

கூராக்கிக் கொடுத்தால் மட்டும் மாசானத்துக்கு என்ன வாழ்கிறது? சாணை பிடிக்க வந்தவன் எவனும் கடை வாசலிலேயே கூர் பார்த்துவிட்டுத்தான் போவான், அது வழக்கம். காட்டுப்பன்றி கூர் பார்த்ததில்தான் கடைக்கதவு போனது. புலி கூர் பார்க்கக் கதவைத் தேடாது.

சரி, முதலில் மோட்டாருக்கு வழி பார்ப்போம் என்று நாலு பேரிடம் யோசனை கேட்டது. கேட்டதுதான் தாமதம், காடே கடைக்கு வந்துவிட்டது.

"அஞ்சு எச்.பி.க்குக் கீழ வாங்குறதும் ஒண்ணு, வாங்காம இருக்கதும் ஒண்ணு," என்றது யானை.

"எதுக்கு வீண் செலவு? எங்கிட்ட பழைய வாஷிங் மெஷின் மோட்டார் கெடக்கு. ஒரே ஓனர்தான்," என்றது குரங்கு.

"அது திறந்த மோட்டார். இரும்புத் தூள் உள்ள போனா புகைஞ்சிரும். நான் வீடியோவுல பாத்தேன்," என்றது ஆந்தை. நீ எத்தனை மோட்டார் மாட்டியிருக்கிறாய் என்று குரங்கு கேட்டதற்குக் கழுத்தைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டது.

அமாவாசை வந்தது. அண்ணாச்சியும் வந்தார். மாசானத்துக்கு உண்மையிலேயே ஒரு இழவும் புரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. ஒத்த பேஸ் மோட்டாரா, மூணு பேஸா?"

கரண்டுக்குப் பேஸ் என்று ஒன்று இருப்பதை அண்ணாச்சி தன் ஆயுசில் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் தெரியாது என்று சொல்ல முடியுமா? மீசையைத் தடவிக்கொண்டார்.

"மூணுதான். ஒத்தைங்கறது நம்ம கௌரவத்துக்குச் சரிப்படாது."

"மூணு பேஸ் கரண்ட் மத்தியானம் கொஞ்ச நேரந்தான் வரும். மத்த நேரம் மோட்டார் படுத்துரும்," என்றது ஆந்தை.

"நீ என்னலே பெரிய இவனா?" என்று அண்ணாச்சி பாய்ந்தார். யானை குறுக்கே விழுந்தது. பொழுது சாயும்வரை ஒரே ரகளை. கிளம்பும்போது அண்ணாச்சி மாசானத்தின் காதோரம் வந்து, "நாளைக்கு வாரேன். நான் இல்லாம எதையும் வாங்கிராதே," என்றார்.

அப்பாடா! மோட்டார் வாங்காதவரை உயிர் இருக்கும் என்பது மாசானத்துக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

அதன்பிறகு தினமும் ஒரு சந்தேகம். நிமிஷத்துக்கு 1440 சுற்றா, 2880 சுற்றா? பெல்ட்டை ஓட்டும் புல்லி பெரிதா, சிறிதா? அண்ணாச்சிக்கு ருசி கண்டுவிட்டது. அவரைக் கண்டு ஓடினார்களே தவிர, அவரிடம் யோசனை கேட்டவர்கள் யாருமில்லை, பாவம். பக்கத்திலேயே மான்கள் மேய்ந்தால், "சத்தம் போடாம மேயுங்க, இங்க பேசிக்கிட்டிருக்கோம்லா," என்று அதட்டுவதோடு சரி. பசித்தால் ஓடையில் நண்டு பிடித்துத் தின்றுகொண்டார். மாசானத்துக்கு உடம்பு தேறிவிட்டது.

அப்போதுதான் இசக்கி என்ற கீரி வந்தது. நல்ல வேலைக்காரன். வளவள பேச்சு அதற்கு ஆகாது.

"ஒரு மோட்டாருக்கு இம்புட்டு அக்கப்போரா?" என்று கேட்டுவிட்டுப் போய், ஒரு மோட்டாரைத் தலையில் சுமந்து வந்து இறக்கியது. "ரெண்டு எச்.பி., 1440 சுற்று, ஒத்த பேஸ், தூசி புகாத மூடுன பாடி. இந்த வேலைக்கு இது போதும்ணே."

மாசானம் கண்ணைக் காட்டியது, காலை மிதித்தது, "வேண்டாம்லே, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சியது. இசக்கி கேட்கவில்லை. மோட்டாரை மாட்டி, பெல்ட்டை இழுத்துவிட்டு, சுவிட்சைப் போட்டது.

ஆட்டமில்லை, அதிர்வில்லை. அவ்வளவு அருமையாக ஓடியது. யானையின் முகத்தில் ஈயாடவில்லை. ஆந்தை கோபித்துக்கொண்டு பறந்தது. வேறு வழியில்லாமல் மாசானம் அண்ணாச்சியின் நகங்களை ஒவ்வொன்றாகக் கூராக்கியது.

"பாத்தீங்களா அண்ணாச்சி? இதுக்கு வாரண்டி வேற இருக்கு..." என்று இசக்கி முன்னால் வந்து சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கூர் பார்த்தார். வாரண்டி அட்டை மட்டும் மிஞ்சியது.

அண்ணாச்சி வாயைத் துடைத்துக்கொண்டு மாசானத்தின் பக்கம் திரும்பினார். "நல்லாத்தாம்லே இருக்கு. இன்னொரு தடவை பாத்துருவோமா?" என்று கையை ஓங்கினார்.

"பாக்கலாம் அண்ணாச்சி," என்றது மாசானம். "ஆனா உங்க பல்லு பாக்கி இருக்குல்லா? அதுக்கு இந்த பெல்ட் ஆகாது. அறுபது நம்பர் உப்புத்தாளா, நூத்தியிருபதா? எனக்கு ஒண்ணும் ஓடலை, நீங்கதான் சொல்லணும்."

ஓங்கிய கை மெல்ல இறங்கியது. அண்ணாச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்து மீசையைத் தடவினார்.

"அறுபதுதான்!" என்று தூரத்திலிருந்து யானை கத்தியது.

"உனக்கு என்னலே தெரியும்?" என்றார் அண்ணாச்சி.

நீதி: சந்தேகம் கேட்பவன் பிழைத்துக்கொள்வான், விடையைத் தலையில் சுமந்து வருபவனைத்தான் முதலில் தின்பார்கள்.